பிளக் கறுத்த கதை

போதும் நிறுத்துங்க தம்பி, சும்மா ஒதச்சுக்கிட்டே இருக்காதீங்க. ஒதைக்க ஒதைக்க உள்ள பெட்ரோல்தான் ரொம்பும், வண்டி கெளம்பாது. சாவியக் கொஞ்சம் அமத்துங்க. சட்டையப் பாருங்க, தொப்பலா நனஞ்சு போச்சு. ஆபீசுக்குப் போறவங்களாட்ட இருக்குது, கையக் கரி பண்ணிக்காதீங்க, நான் கழட்டறேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? பொம்பளை கையில பிளக் ஸ்பானர் இருக்கக் கூடாதா? என்ற வண்டியில சீட்டுக்கடியில எப்பவும் கெடக்குமுங்க.

பாத்தீங்களா, பிளக்கு பூரா ஈரம். மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம். இதுக்கு மெக்கானிக்கு எதுக்கு, வெயிலே போதும். இந்தப் பாலத்துச் சுவத்து மேல வெச்சுடலாம்… வேண்டாம் வேண்டாம், லாரி போனா பாலம் குலுங்கும், காவேரிக்குள்ள உழுந்துட்டா மீனுக்குத்தான் ஆகும். என்ற சோத்துத் தூக்குப்போசி மூடி மேல வெக்கறேன். இப்ப ஒதைங்க. ஆமாங்க, இப்ப ஒதைக்கலாம், பிளக் இல்லாம நாலு ஒதை ஒதச்சா உள்ள நிக்கற பெட்ரோல் வெளிய போயிரும். அவ்வளவுதான். பத்து நிமிசம் காயட்டும். நீங்க இப்படி நெழல்ல வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, சோறெல்லாம் குடுத்துட்டு வெறும் போசியோடதான் போறேன்.

நான் துளசிமணிங்க. பாலத்துக்கு அக்கட்ட பவானியில வீடு. இக்கட்ட குமாரபாளையத்துல தறிப்பட்டறைங்க. மத்தியானம் பட்டறைக்காரங்களுக்குச் சோறு கொண்டு வர்றேன். நாப்பத்திரெண்டு தூக்குப்போசி. முன்னால இருவது, பின்னால இருவத்திரெண்டு. ஒம்பது வருசமா வர்றேன். சமைக்கறது நானில்லைங்க, எங்கூட்டுக்காரரு. அர்த்தநாரின்னு பேரு. இருவத்தாறு வருசம் தறி ஓட்டுனவரு. தறிச் சத்தத்துல காது மந்தமாயிப் போச்சு. பக்கத்துல நின்னு பேசுனா பாதி கேக்கும். கேட்டாலும் 'ம்'ம்பாரு, கேக்காட்டியும் 'ம்'ம்பாரு. கல்யாணமாகி முப்பது வருசத்துல அவரு என்கிட்டப் பேசுனதையெல்லாம் சேத்து எழுதுனா ஒரு நோட்டுல பாதி ரொம்பாது. ஆனா கைப்பக்குவம் இருக்குது பாருங்க, அவரு ரசத்தக் குடிச்சுட்டுக் காச்சக்காரன் எந்திரிச்சுத் தறிக்குப் போயிருக்கறான்.

ஒண்ணுதான் கொறை. வண்டி ஓட்டத் தெரியாது. தெரியாதுன்னா எப்படித் தெரியாதுன்னு கேளுங்க. கல்யாணமாகி மூணாம் நாள், எங்கம்மா வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தோம். எங்கண்ணன் புதுசா மொபெட்டு வாங்கியிருந்தான். "மாப்ளை, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க"ன்னான். இவரு புது வேட்டி, புதுச் சட்டை, மாப்ளை முறுக்கு வேற. ஏறி ஒக்காந்தாரு. திருகினாரு. அது போச்சு. எப்படி நிறுத்தறதுன்னு எங்கண்ணனும் சொல்லல, இவரும் கேக்கல. ஊர்க்கடைசியில ஒரு சாயப்பட்டறை. அதுக்கு முன்னால ஒரு சாக்கடை. நேரா உள்ள! அன்னிக்கு அவங்க போட்டுக்கிட்டிருந்தது நீலச் சாயம். எந்திரிச்சு வர்றாரு பாருங்க, தலையில இருந்து கால் வரைக்கும் நீலம், பல்லு மட்டும் வெள்ளை. விருந்துக்கு வந்த ஒறம்பரைச் சனமெல்லாம் வாசல்ல நிக்கறாங்க. எங்க பெரியம்மா கையெடுத்துக் கும்புட்டுட்டாங்க, சாமி வந்துருச்சுன்னு! பதினஞ்சு நாளு காது மடல்ல இருந்து அந்த நீலம் போகலைங்க.

சிரிங்க, சிரிங்க. கேட்டவங்க அல்லாரும் சிரிப்பாங்க. அதுக்கப்புறம் அவரு வண்டின்னு ஒண்ணத் தொட்டதில்லை. மார்க்கெட்டுக்குக்கூட நடைதான்.

நான் ஓட்டக் கத்துக்கிட்டது பொழப்புக்காக. மொத வருசம் இதே பாலத்துல மூணு தடவை வண்டி நின்னுச்சு. நாப்பது போசி சோத்தோட நடு வெயில்ல நின்னு அழுதிருக்கறேன். சென்னியப்பன்னு ஒரு மெக்கானிக்கு, பவானியில கடை. அவன் கடைச் செவுத்துல ஒரு படம் ஒட்டியிருக்கும். ஆறு பிளக்கு, ஆறு நெறம். வண்டி சரியாகற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு நிப்பேன். அப்படியே மனசுல ஏறிப் போச்சு. பிஸ்கட் நெறத்துல இருந்தா இஞ்சின் சொகமா இருக்குதுன்னு அர்த்தம். வெள்ளையா வெந்து போயிருந்தா சூடு எச்சு, பெட்ரோல் பத்தல. கறுப்பா, காஞ்சு, தொட்டாக் கண்மையாட்ட ஒட்டுனா பெட்ரோல் எச்சு, காத்து பத்தல. கறுப்போட எண்ணெயாப் பளபளன்னு இருந்தா ஆயில் எச்சு. உங்களுதாட்டப் பெட்ரோல்ல நனஞ்சிருந்தா, ஓட்டறவருக்கு அவசரம் எச்சு. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்.

அதுல இருந்து வாரம் ஒருக்காக் கழட்டிப் பாத்துருவேன். நாக்க நீட்டச் சொல்லி டாக்டர் பாப்பாரில்ல, அந்த மாதிரி. பட்டறைக்காரங்க பாதிப் பேரு வண்டி நின்னா என்னத்தான் கேப்பாங்க. பிளக்கைக் கையில வாங்குனா ஓட்டறவன் எப்படிப்பட்டவன், எந்நேரம் ஓட்டுனான், எல்லாஞ் சொல்லிப் போடுவேன். என் கண்ணுக்குத் தப்பாதுங்க.

போன மாசியிலதான் வம்பு வந்துச்சு.

என்ற மக கோகிலா ஓசூர்ல இருக்கறா. ரெண்டாவது பிரசவம். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கறதால இங்க வர முடியாது, "நீ வாம்மா, ஒரு நாப்பது நாளு இரும்மா"ன்னா. சித்திரையில தேதி. நான் போயிட்டா இந்த நாப்பத்திரெண்டு போசிய ஆரு கொண்டு போறது? ஒரு வாரம் நின்னாப் போதும், பட்டறைக்காரங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க. பசிக்கற வயிறு காத்திருக்குமா? அதனால, "அஞ்சு நாளு வந்து கொழந்தையப் பாத்துட்டு வந்தர்றேன் கண்ணு"ன்னு போன்ல சொன்னேன். அவ சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை. "சரிம்மா"ன்னு வெச்சுட்டா. நான் அடுப்படியில ஒக்காந்து அழுதேன். எங்கூட்டுக்காரரு பக்கத்துல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு கண்ணுலயும் தண்ணி. வெங்காயம்னு நெனச்சுக்கிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் வண்டி இழுக்கல. பொகை. பிளக்கைக் கழட்டுனாக் காஞ்ச கரி. அப்படியே கண்ணுக்கு மை இட்டுக்கலாம். சோக்கு போட்டபடியே ஓட்டுனா இப்படி ஆகுமுங்க. சோக்குன்னா, காலையில குளுந்து கெடக்கற இஞ்சினக் கெளப்பக் காத்தக் கொறச்சு விடறதுக்கு ஒரு சின்னக் கம்பி இருக்குமில்ல, உங்க வண்டியிலயும் இருக்குது, அதுதான். கெளம்புன ஒடனே எறக்கி உட்டறணும். ஆனா நான்தான் மறக்க மாட்டனே! ஒம்பது வருசத்துல ஒரு நாள் மறந்ததில்லை. கரிய உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டினேன். நாலு நாள் கழிச்சுப் பாத்தா மறுக்காவும் கரி.

சென்னியப்பங்கிட்டக் கொண்டு போனேன். காத்து வடிகட்டியக் கழுவிப் பாத்தான், கார்புரேட்டரப் பிரிச்சுப் பாத்தான், ஒண்ணுமில்லை. பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அக்கா, வண்டிய வேற ஆராவது ஓட்டறாங்களா?"ன்னான்.

"என்ற வண்டிய ஆருடா தொடுவான்?"

"இல்லீங்கக்கா, மாமா கீமா…"

நான் சிரிச்ச சிரிப்புல எதுத்த கடை டீ மாஸ்டரே எட்டிப் பாத்தான். "ஆரு, எங்கூட்டுக்காரரா! அந்தக் கதை தெரியாதா உனக்கு?"ன்னு ஆரம்பிச்சேன். நீலக் கதைய முழுசாச் சொன்னேன். கடையில ஆறேழு பேரு, அல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. திரும்பிப் பாத்தா, கறிவேப்பலைக் கட்டோட எங்கூட்டுக்காரரு ரோட்டோரமா நிக்கறாரு. மார்க்கெட்டுல இருந்து வந்திருக்கறாரு. என்ன பேச்சுன்னு காதுல உழுந்திருக்காது. ஆனா அல்லாரும் அவரப் பாத்துச் சிரிக்கறாங்களே. அவரும் கூடச் சேந்து கொஞ்சம் சிரிச்சாரு. அப்புறம் கட்ட இடுக்கிக்கிட்டுப் போயிட்டாரு. நானும் பெருசா எடுத்துக்கல. என்ன இருந்தாலும் சிரிக்கறவருதானேன்னு உட்டுட்டேன்.

அடுத்த வாரந்தான் கொடுமை. பாலத்து நடுவுல, இதா இந்த வெளக்குக் கம்பம் இருக்குதே, இங்கதான், வண்டி நின்னு போச்சு. பிளக்கைக் கழட்டுனாக் கறுப்பு, அதோட எண்ணெய். சொட்டுதுங்க! தொடச்சு மாட்டிக் கெளப்பறதுக்குள்ள ஒரு மணி நேரம் போச்சு. பட்டறையில சாப்பாட்டு நேரம் முடிஞ்சு தறி ஓடிக்கிட்டு இருக்குது. பதினாலு போசி போற பெரிய பட்டறை மொதலாளி வாசல்லயே நின்னுக்கிட்டு, "துளசிமணி, இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா நான் வேற எடத்துல சொல்லிப் போடுவேன். ஆளுங்க பச்சத் தண்ணியக் குடிச்சுட்டுத் தறிக்குப் போயிருக்கறாங்க"ன்னாரு.

அங்கிருந்து நேராப் பெட்ரோல் பங்குக்குத்தான் போனேன். என்ற வண்டிக்குப் பெட்ரோலோட ஆயில் கலந்து ஊத்தணும். ஊத்தறது மைதிலின்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான். ஆனா பிளக்கு சொல்லுதே, ஆயில் எச்சுன்னு. நான் பிளக்கைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, அங்க நின்ன அத்தனை வண்டிக்காரங்க முன்னாலயும் கேட்டுப் போட்டேன். "அளந்து ஊத்தத் தெரியாதா உனக்கு? கண்ணு எங்க இருக்குது? என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" அவ, "அக்கா, அளவு குடுவையிலதான் ஊத்தறேன், நீங்களே பாக்கறீங்கல்ல"ன்னா. நான் உடல. மேனேஜர் வந்தாரு. அவள அந்த எடத்துல இருந்து மாத்திட்டாரு. டயருக்குக் காத்தடிக்கற எடத்துல, மேல கூரைகூட இல்லாத வெயில்ல, ஒரு ஸ்டூலப் போட்டு ஒக்கார வெச்சுட்டாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு வீட்டுக்கு வந்து மோரு குடிச்சேன்.

இருங்க, பிளக்கைத் திருப்பி வெக்கறேன். காயுது, காயுது.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஒரு நாளு மத்தியானம். நான் ஒரு மணிக்கெல்லாம் திரும்பி வந்து, சாப்புட்டுப் படுத்தா மூணு மணி வரைக்கும் கட்டையாட்டந் தூங்குவேன். இடி உழுந்தாலும் தெரியாது. அன்னிக்கு எந்திரிச்சு, பிளக்கைப் பாக்கலாம்னு கைய வெச்சேன். சுர்ருன்னு சுட்டுப் போச்சு! இதா பாருங்க, இந்த வெரல்ல தழும்பு. ரெண்டு மணி நேரமா நிக்கற வண்டி எப்படிங்க சுடும்?

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. திருட்டு! எவனோ ஒருத்தன் நான் தூங்கற நேரம் பாத்து வண்டிய எடுத்துட்டுப் போயி ஊரச் சுத்திப்போட்டு அதே எடத்துல கொண்டாந்து வெக்கறான். சாவி? சாவி அடுப்படி ஆணியிலதான் தொங்கும். கதவு தொறந்துதான் கெடக்கும். நான் எங்கூட்டுக்காரரக் கூப்புட்டு, காதுக்குப் பக்கத்துல சத்தமாச் சொன்னேன். "ஏனுங்க, எவனோ நம்ம வண்டிய எடுக்கறான். நாளையில இருந்து மத்தியானம் நீங்க தூங்காம வாசல்ல காவலுக்கு ஒக்காருங்க."

"ம்"னாரு.

"ஆரு வந்தாலும் உடாதீங்க!"

"ம்."

நாலு நாளு காவல் காத்தாரு. தெனமும் எந்திரிச்சதும் கேப்பேன், "ஆராச்சும் வந்தாங்களா?"ன்னு. "ஆரும் வரல"ம்பாரு. சத்தியமான பேச்சு, ஆரும் வரலதான்! ஆனா இஞ்சின் மட்டும் தெனமும் சுடுது. பிளக்கு தெனமும் கரி. அப்பக்கூட எனக்குத் தோணலைங்க. காது கேக்காத மனுசன் காவலுக்கு ஒக்காந்தா இப்படித்தான், முதுகுக்குப் பின்னால வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனாலுந் தெரியாதுன்னு அவரு மேல கோவப்பட்டேன். எல்லாப் பிளக்கையும் பாத்துச் சொல்லறவ நானு, பாருங்க.

அஞ்சாம் நாளு நான் படுத்தேன், தூங்கல. கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். கொஞ்ச நேரத்துல சாவிச் சத்தம். எட்டிப் பாத்தா எங்கூட்டுக்காரரு! வண்டியக் கெளப்பாம, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கன்னுக்குட்டியக் கூட்டிக்கிட்டுப் போறவராட்டத் தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கிட்டே போறாரு. நான் செருப்புக்கூடப் போடாமப் பின்னாலயே போனேன். தெருக்கோடிக்கு அப்பால ஒரு பழைய மில்லு, மூடிப் பல வருசம் ஆச்சு. பெரிய காலி எடம். அங்க கொண்டு போயி நிறுத்துனாரு.

நிறுத்திட்டு என்ன பண்ணறாருங்கறீங்க? ஒரு சாக்குக்குள்ள இருந்து போசிங்களா எடுக்கறாரு. பழைய போசிங்க, காது ஒடஞ்சதுன்னு நான் தூக்கிப் போட்டது. அங்க இருக்கற அடிகொழாயில தண்ணி அடிச்சு, ஒவ்வொரு போசியிலயும் தண்ணி ரொப்பி, முன்னால பத்து, பின்னால பத்துன்னு மாட்டறாரு. மாட்டிட்டு சாமி கும்புட்டாரு. சோக்கப் போட்டாரு. கெளப்புனாரு. சோக்க எறக்கவே இல்லை! வண்டி தொப்பு தொப்புன்னு முக்குது, கோயில்ல சாம்பிராணி போட்டாப்ல பொகை. சத்தம் கேட்டாத்தானே அது முக்கறது தெரியும்? கேக்காத மனுசன் அது பாட்டுக்கு ஓட்டறாரு. ரெண்டு காலையும் தரையில தேச்சுக்கிட்டே ஒரு வளைவு. நிறுத்தறாரு. சட்டைப் பையில இருந்து ஒரு காயிதம். அதப் பாத்துச் சத்தமாச் சொல்லறாரு, காது கேக்காதவங்க மெதுவாப் பேசறதா நெனச்சுக்கிட்டுச் சத்தமாத்தானே பேசுவாங்க, மில்லுச் செவுரு முட்ட எதிரொலிக்குது:

"மொதல்ல பாலத்தடி பட்டறை, நாலு! ரெண்டாவது அம்மன் கோயில் சந்து, மூணு! அங்க ஒருத்தருக்குச் சக்கரை, அவருக்குச் சோறு கம்மி! மூணாவது பெரிய பட்டறை, பதினாலு!"

சொல்லிப்போட்டு ஒரு போசியக் கழட்டித் தரையில வெக்கறாரு. கும்புடு போட்டு, "சாப்புடுங்க"ங்கறாரு. மறுக்கா வண்டியில ஏறறாரு.

முள்ளு மரத்துக்குப் பின்னால நிக்கறேன், கால்ல முள்ளு ஏறுது, அதுகூடத் தெரியல. மொதல்ல கத்தணும்னுதான் வாயத் தொறந்தேன். என்ற வண்டி, என்ற பொழப்பு, இவராலதானே அத்தனை பேச்சும் வாங்குனேன்! ஆனா அந்தக் காயிதத்தப் பாத்ததும் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. நான் ஓசூரு போகணும். அதுக்குத்தான். நான் அழுதது பாதிதான் காதுல உழுந்திருக்கும். பாதி போதும்னு இந்த மனுசன், அம்பத்தாறு வயசுல, வண்டி பழகறாரு. அதையும் என்கிட்டச் சொல்லாம. ஏன் சொல்லலைன்னு எனக்குக் கேக்கவே வேண்டியதில்லை. சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சென்னியப்பன் கடையில நின்னு இன்னும் ரெண்டு பேரச் சேத்துச் சிரிக்க வெச்சிருப்பேன்.

நடந்து போனேன். அவரு என்னப் பாத்துட்டாரு. ரெண்டு காலையும் ஊனி நின்னுட்டாரு. மொகத்துல ஈயாடல. இஞ்சின் மட்டும் தொப்பு தொப்புன்னு ஓடுது. நான், "சோக்க எறக்கி உடுங்க"ன்னேன்.

"ம்?"

காதுக்குப் பக்கத்துல போயி, "சோக்கு! சோக்க எறக்கணும்!"ன்னேன். அவரு ஹாரன் பட்டனப் புடிச்சு அமுக்கறாரு. நானே குனிஞ்சு கம்பிய எறக்கி உட்டேன். வண்டி ரெண்டு தடவை இருமிட்டு, சீரா ஓட ஆரம்பிச்சுச்சு. அவரு கைப்புடிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுப் பாத்துட்டு, "நடுக்கம் நின்னுருச்சே"ன்னாரு. அவ்வளவு நாளும் வண்டின்னா அப்படித்தான் நடுங்கும்னு நெனச்சிருக்கறாரு!

அப்பறம் அந்த ஆயில் கதையக் கேட்டேன். ஓட்டுன பெட்ரோல் கொறஞ்சா எனக்குத் தெரிஞ்சுருமாம். அதுக்காக வேற பங்குல இருந்து கேன்ல பெட்ரோல் வாங்கியாந்து, ஆயில் பாட்டில் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு அவரே ஊத்தியிருக்கறாரு. "எவ்வளவு ஊத்துனீங்க?"ன்னா, "கொஞ்சம் தாராளமா. கொழம்புக்கு நல்லெண்ணெய் ஊத்தறாப்ல"ங்கறாரு. சமையக்காரரு கிட்ட என்னன்னு சொல்லறது?

அன்னிக்குச் சாயங்காலமே பங்குக்குப் போனேன். மைதிலி அந்த ஸ்டூலு மேலயே ஒக்காந்திருந்தா. மொகமெல்லாம் வெயில்ல கறுத்துப் போயிருந்துச்சு. "கண்ணு, என்ற தப்பு, உன்ற தப்பில்லை"ன்னேன். அவ என்ன நிமுந்து பாத்துட்டு, "இத என்கிட்ட எதுக்குச் சொல்லறீங்கக்கா? அன்னிக்கு எத்தனை பேரு முன்னால சொன்னீங்களோ, அத்தனை பேரு முன்னால சொல்லுங்க"ன்னா. ஞாயம்தானே? வண்டிங்க வரிசையா நிக்கற நேரம் பாத்து, மேனேஜரையும் கூப்புட்டு நிறுத்தி, சத்தமாச் சொன்னேன். "இந்தப் பொண்ணு அளந்துதான் ஊத்துச்சு. நான்தான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டேன்"னு. ஒருத்தரு, "நீங்கதான் பிளக்கைப் பாத்தே எல்லாஞ் சொல்லுவீங்களே!"ன்னாரு. என்ன பண்ணறது, வாங்கிக்கிட்டேன். மறுநாளே அவ பழைய எடத்துக்கு வந்துட்டா. என்கிட்டப் பேச மட்டும் ஒரு மாசம் ஆச்சு. அதுவும் ஞாயம்தான்.

சென்னியப்பன் சொல்லவே வேண்டாம். "அக்கா, நான் அன்னிக்கே கேட்டேன்"னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கறான்.

அதுல இருந்து ஒரு முடிவு பண்ணிட்டேனுங்க. அந்த நீலக் கதைய ஆருகிட்டயும் சொல்லறதில்லை. ஒரு மனுசன முப்பது வருசமா ஒரே சாக்கடையில நிக்க வெச்சா எப்படி? வாயே தொறக்கறதில்லை. ஏன் சிரிக்கறீங்க? உங்களுக்குச் சொன்னேனா? அட, உங்களுக்கு வெவரம் புரியணுமில்ல, அதுக்குச் சொன்னேன். அதெல்லாம் சேத்தியில்லை.

காஞ்சுருச்சு, குடுங்க. இப்படிக் கையிலயே மெதுவாத் திருகணும், மொதல்லயே ஸ்பானரப் போட்டா திருகு மரை அழிஞ்சுரும். ஆச்சு. இப்ப ஒரே ஒதை. பாத்தீங்களா! ரெண்டு நிமிசம் ஓடட்டும், ஒடனே போகாதீங்க. அதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிப் போடறேன்.

பங்குனி பூரா நானே கூட நின்னு பழக்குனேன். எட்டுப் போடறது, பாலத்துல லாரிக்கு ஒதுங்கறது, எல்லாம். லைசென்சு எடுக்கப் போனப்ப, காதுல வெக்கற மெசினு வேணும்னாங்க. அஞ்சு வருசமா நான் கெஞ்சியும் வெக்க மாட்டேன்னவரு, வண்டிக்காக வெச்சுக்கிட்டாரு. சித்திரையில நான் ஓசூரு போனேன். ஆம்பளப் பையன், மூணு கிலோ. நாப்பது நாளு இருந்தேன். தெனமும் ரெண்டு மணிக்குப் போன் பண்ணுவேன். "எல்லாருக்கும் போயிச் சேந்துச்சா?"ம்பேன். "ம்"ம்பாரு. ஒரு போசி கொறையல. ரெண்டு நாளு பாலத்துல வண்டி நின்னுச்சாம். அவரே பிளக்கைக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டாராம். இதக்கூட அவரு சொல்லல, பெரிய பட்டறை மொதலாளி சொல்லித்தான் தெரியும். அங்க இன்னொண்ணுஞ் சொன்னாங்க, அவரு என்னவிடப் பத்து நிமிசம் முந்தி வர்றாருன்னு. கேக்க எனக்கு அவ்வளவு சந்தோசமா இல்லைங்க. சரி, உடுங்க. இப்ப திங்கள், புதன், வெள்ளி நானு. மிச்ச நாளு அவரு. சமையலு எல்லா நாளும் அவருதான். ஒரு நாளு ஆசையா நான் கொழம்பு வெச்சு அனுப்புனேன், சமையல் மாஸ்டருக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்களாம்.

ஓசூர்ல இருந்து நான் திரும்பி வந்த அன்னிக்கு, குமாரபாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்குறேன், வண்டியோட நிக்கறாரு. தலையில ஹெல்மெட்டு. என்ற பையை வாங்கிக்கக்கூட மறந்துட்டு, "ஏறு"ன்னாரு. ஒம்பது வருசமா அந்த வண்டிக்குப் பின்னால நான் ஒக்காந்ததே இல்லைங்க. போசி ஒக்காரற எடத்துல நான் ஒக்காந்தேன். இந்தப் பாலத்து மேல வர்றோம், சாயங்கால நேரம், ரெண்டு பக்கமும் தண்ணி, தூரத்துல ஆறுங்க சேர்ற கூடுதுறை, காத்து அள்ளுது. ஹெல்மெட்டுக்குள்ள காது, மெசினு இருந்தாலும் இந்தக் காத்துல நான் என்ன பேசுனாலும் அவருக்குக் கேக்கப் போறதில்லைன்னு தைரியம் வந்துருச்சு. முப்பது வருசமா அவருகிட்டச் சொல்லாததையெல்லாம் அந்த முதுகுகிட்டச் சொல்லிக்கிட்டே வந்தேன். என்ன சொன்னேன்னு உங்களுக்கு எதுக்குங்க, அது எங்களுக்குள்ள.

தெரு வந்துச்சு. வீடு வந்துச்சு. நிறுத்துவாருன்னு காலக் கீழ உட்டேன். நிறுத்தல. வீட்டத் தாண்டிப் போயி ஓரமாக் கொஞ்சம் மெதுவாக்கி, ஹெல்மெட்டு முன்கண்ணாடியத் தூக்கிட்டு, திரும்பாமலே கேட்டாரு:

"துளசி, அப்படியே கூடுதுறை வரைக்கும் போயிட்டு வரலாமா?"

மடியில பையி, கையில ஓசூரு பூங்கொத்து, தலையெல்லாம் பஸ்ஸுத் தூசி.

போலாமுங்கன்னேன்.